உப்புக் காற்றில் ஒரு வீடு: சாமான் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. வீட்டிலேயே தையல் எடுக்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்தபடி வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் கேள்வி வரும். பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டவர்கள், புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் கணவரிடம் போனில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வரமுடியாமல் இருப்பவர்கள் என்று பலர் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

சாமான் குறைவாக இருக்கிறதே, வசதி இல்லாததாலா, வேண்டாம் என்று வைத்ததா?

இரண்டும்தான். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கக் கையில் பணம் இல்லை. அதனால் எதை விடுவது என்று உட்கார்ந்து பேச வேண்டி வந்தது. பேசியபோதுதான் ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் மூன்று எண்ணம் இருப்பது தெரிந்தது. நம் பக்கத்து மரமும் ஓலையும் போதும், நம் ஊர் ஆசாரிக்கும் பாய் முடைகிறவருக்கும் அந்தக் காசு போகட்டும் என்பது என் எண்ணம். கடன் கூடவே கூடாது என்பது அவருடையது. வந்தவர்களை மரியாதையாக உட்காரவைக்க இடம் இருக்க வேண்டும் என்பது அயித்தையுடையது, அதாவது என் மாமியாருடையது. மூன்றுமே நியாயமானவை, ஆனால் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் போதாது.

கடைசியில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு சாமானைப் பற்றிக் கருத்து வேறுபட்டால், அதோடு அதிக நேரம் கழிக்கப்போவது யார், அதைத் துடைத்துத் தூக்கி நகர்த்தப்போவது யார் என்று பார்ப்போம். அப்படிப்பட்டவர் சொல்வதே முடிவு. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த வழக்கத்திலிருந்து வந்தவைதான்.

முதலில் எதற்குப் பணம் ஒதுக்குவது?

தண்ணீருக்கு. நம் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் குடத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்குகிறோம், அல்லது தெருக்குழாயில் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். அந்தக் குடம் பெரும்பாலும் பெண்கள் இடுப்பில்தான் ஏறுகிறது. சோபாவுக்கென்று வைத்திருந்த பணத்தில் நாங்கள் மழைநீர்த் தொட்டி கட்டினோம்.

கணக்கு எளிது. 100 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். 500 சதுர அடி மாடி என்றால் 450 லிட்டருக்கு மேல். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. பிடிக்கத் தொட்டி இருந்தால் பிடிக்கலாம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் ஒரு குழாயை மண்ணுக்குள் விட்டு அதோடு முடித்துக்கொள்கிறார்கள். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டி, இறுக்கமான மூடி என்ற மூன்றும் சரியாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

அடுத்தது சமையல் மேடையின் உயரம். கொத்தனார் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் வைப்பார். மேடை பூசுவதற்கு முன், சமைக்கிறவரை அங்கே நிறுத்தி முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு நாலைந்து விரல்கடை கீழே மேடை வந்தால் இடுப்பு பிழைக்கும். இதற்குத் தனியாகக் காசு செலவில்லை.

பாயில் உட்காருவதுதானே நம் வழக்கம்? சோபா எதற்கு?

நானும் அப்படித்தான் உறுதியாக இருந்தேன். கூடத்தில் பனையோலைப் பாய் விரித்து, சுவரோரம் இரண்டு திண்டு போட்டிருந்தேன். பார்க்க அழகாக இருக்கும், படுத்தாலும் உடம்புக்குக் குளிர்ச்சி. வந்தவர்கள் பாராட்டுவார்கள். எனக்கும் மனநிறைவுதான்.

ஒரு மத்தியானம் உறவுக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள். அயித்தை பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். நான் அடுப்படியில் இருந்தேன். முதலில் இடது கையைச் சுவரில் ஊன்றினார், எழ முடியவில்லை. மெல்லத் திரும்பி, குழந்தை தவழ்வதுபோல் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முட்டியால் நகர்ந்து என் தையல் மிஷின் பலகையின் விளிம்பைப் பிடித்தார். மிஷின் ஒரு சாண் நகர்ந்தது. நின்ற பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்ததும், "கால் மரத்துப்போச்சுத்தா" என்றார்.

எத்தனை மாதமாக இப்படி எழுந்துகொண்டிருந்தாரோ. ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருமகள் ஆசைப்பட்டு விரித்த பாய் ஆயிற்றே என்று பொறுத்திருக்கிறார். என் கொள்கையை அதுவரை அவருடைய முட்டிதான் சுமந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த மாதமே பூவரசு மரத்தில் ஒரு பெஞ்சு செய்தோம். உட்காரும் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். அதற்குக் கீழே போனால் முட்டி மடங்குவது சிரமம். இரண்டு பக்கமும் கை ஊன்றி எழக் கட்டை உண்டு. அடியில் காற்று போக இடைவெளி இருப்பதால் பெருக்க எளிது. மெத்தை தைத்து வைக்கவில்லை. கடற்காற்றில் பஞ்சு ஈரத்தை இழுத்து நாற்றம் எடுக்கும். பருத்தித் துணியில் மெல்லிய விரிப்பு தைத்தேன், வாரம் ஒருமுறை அலசிப் போடலாம். பாயையும் எடுத்துவிடவில்லை. பிள்ளைகள் அதில்தான் புரள்கிறார்கள்.

வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் கீழே உட்கார்ந்து எழுவதை ஒரு தடவை நின்று பாருங்கள். வாங்க வேண்டியது என்னவென்று அதிலேயே தெரிந்துவிடும்.

எந்த மரம் வாங்குவது? தேக்குதானே நல்லது?

தேக்கு நல்ல மரம்தான். விலை எட்டாது. பூவரசும் வேம்பும் நம் மண்ணிலேயே வளர்கின்றன. பூவரசு கடலோரத்து மரம். வைரம் பாய்ந்த கட்டை கருஞ்சிவப்பாக, இழைத்தால் வழுவழுப்பாக இருக்கும். வேம்பைச் செல் (கரையான்) அவ்வளவு எளிதில் அண்டாது, ஆனால் நன்றாகக் காயவைக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கை, அதாவது கூரைக்குப் போட்ட பனைமரச் சட்டம் கிடைக்கும். எங்கள் அலமாரித் தட்டுகள் அப்படி வந்தவை. கறுப்பு நார் ஓடிய பழைய பனை இரும்புபோல் இருக்கும், ஆணி இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். இதற்காக உயிரோடு நிற்கும் பனையை வெட்டச் சொல்லாதீர்கள். பனை நம் மாநில மரம். வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்தது.

பிளைவுட் விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். பிளைவுட் என்று சொல்லி ஒரு கடையில் அடுப்படி அலமாரி விற்றார்கள். முதல் கார்த்திகை மழையில் அடிப்பலகை நனைந்த ரஸ்க்குபோல் உப்பியது. விரலால் அழுத்தினால் தூளாக உதிர்ந்தது. உள்ளே இருந்தது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. இப்போது பலகையின் வெட்டுவாயைப் பார்க்காமல் வாங்குவதில்லை. பிளைவுட் என்றால் மெல்லிய அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருந்தால் அது தண்ணீரை நன்றாகத் தாங்கும் மரைன் பிளை. ஐ.எஸ். 303 என்பதில் இரண்டு தரம் உண்டு. பி.டபிள்யூ.ஆர். என்றிருப்பது அடுப்படி ஈரத்தைத் தாங்கும். எம்.ஆர். என்றிருப்பது படுக்கையறைக்குச் சரி, தண்ணீர் படும் இடத்துக்கு ஆகாது.

கீல், தாழ்ப்பாள், திருகாணி பித்தளையில் கிடைத்தால் பித்தளை. எவர்சில்வர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 304 தரம் நம் காற்றில் பழுப்புப் புள்ளி போடும். 316இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். கடலைப் பார்த்த ஜன்னலுக்கும் வாசலுக்கும் மட்டும் 316 போட்டோம்.

சீராக வந்த ஸ்டீல் பீரோ துருப்பிடிக்கிறது. போட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்களின் குரல் தாழ்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என் பீரோ அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் வந்தது. அந்தச் சீட்டுத் தவணை கட்டுவதற்காக அம்மா கருவாடு காயப்போட்ட வெயில் எனக்குத் தெரியும். நான்கு மழைக்காலத்தில் அடிப்பக்கம் செதில் செதிலாக எழும்பியது. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி. கதவைத் திறந்தால் பக்கத்து வீடு வரை கேட்கும். இடமும் அடைத்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். பீரோவைத் தினமும் திறப்பவள் நான், ஆகவே முடிவு என் கையில். வைத்துக்கொண்டேன்.

காப்பாற்றும் வழி இதுதான். உப்புக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. இரும்பின்மேல் படிந்த உப்பு, மழையே இல்லாத நாளிலும் அதை ஈரமாக வைத்திருக்கும். அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன் உப்பு போக வேண்டும். நல்ல தண்ணீரில் துணியைப் பிழிந்து இரண்டு முறை துடைத்து, வெயிலில் காயவைத்து, துருவை மணல்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயிண்ட். காலுக்கடியில் இரண்டு மரக்கட்டை. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள், பின்பக்கம் காற்று போகட்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீரில் துடைத்தால் செய்த வேலை வீண்.

எல்லாச் சீரையும் இப்படிக் காப்பாற்ற வேண்டியதில்லை. பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம் எனக்கு எட்டு வந்தது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தங்கச்சி வீட்டுக்கும் நாத்தனாருக்கும் கொடுத்தேன். கொடுக்குமுன் அம்மாவிடம் சொன்னேன். "பயன்படட்டும்டி, பரணில கெடந்து என்ன பண்ண" என்றார். அம்மாவிடம் சொல்லாமல் கொடுத்திருந்தால் அது மனதில் முள்ளாக இருந்திருக்கும்.

மகளுக்குச் சீர் வேண்டாம் என்று முடிவெடுக்கலாமா? ஊர் பேசுமே?

பேசும். கேட்டு வாங்குவது 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கட்டில், பீரோ, மிக்சி, கிரைண்டர் என்று பட்டியல் வாய்மொழியாக வந்துவிடுகிறது. பிறந்த வீட்டில் கடன், போன வீட்டில் ஒரே சாமான் இரண்டிரண்டாக. இது நிற்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. மகள் பெயரில் வங்கியில் போடுங்கள். அவள் குடும்பம் நடத்தப்போகும் வீட்டைப் பார்த்த பிறகு, அவளுக்கு வேண்டியதை அவளே வாங்கட்டும். கீழக்கரைப் பக்கம் பெண்ணுக்கு வீட்டையே எழுதிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. எல்லோராலும் முடியாது, அதற்கும் கடன் படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொத்து பெண்ணின் பெயரில் நிற்கிறது என்ற அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும்.

ஷோகேஸில் பவளப்பாறைத் துண்டு, சங்கு, சிப்பி வைக்கலாமா?

பவளப்பாறை கூடாது. 2001இல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் எனக்கு மனம் வரவில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் முருகைக்கல் என்று இந்தப் பவளப்பாறையை வண்டி வண்டியாக எடுத்துச் சுவர் வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அவர்களுக்கு அது வெறும் கல். இன்று விளைவு தெரிகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியெடுத்தது அதற்குப் பெரிய காரணம். அலையைத் தடுப்பதும் மீன் குஞ்சு பொரித்து ஒதுங்குவதும் அந்தப் பாறையில்தான். எங்கள் சோறு அங்கிருந்து வருகிறது.

அயித்தையிடம் அவர் அப்பா கொடுத்த ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது, பூக்கோசு அளவு. பறித்து எடுத்துப்போக எனக்கு விருப்பமில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். பல நாள் கழித்து அவரே துணியில் சுற்றி மகனிடம் கொடுத்தார், வனத்துறையில் ஒப்படைத்தோம். அந்த இடத்தில் இப்போது அவர் அப்பாவின் படம் இருக்கிறது.

நிலைவாசலில் பதிக்கும் வெண்சங்கு வேறு விஷயம். அது காலங்காலமாகச் சங்கு குளிக்கிறவர்கள் எடுத்து வருவது, எங்கள் வாசலிலும் உண்டு. ஆனால் பெரிய அலங்காரச் சிப்பிகளில் சில வகைகளும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கடையில் அழகாக இருக்கிறதே என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

காரைக்குடிப் பழைய கதவு, தூண் வாங்கலாமா? பிறர் வீட்டுச் சாமான் ஆகாது என்கிறார்களே?

நல்ல மரம் வீணாகாமல் இன்னொரு நூறு வருஷம் நிற்கிறது, அதில் தோஷம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அயித்தைக்குச் சங்கடம் இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டி வைத்தோம், அவர் மனம் ஆறியது. வாங்கும்போது செல் அரித்த ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கதவை வாங்கிய பிறகு நிலை வையுங்கள். நிலையை முதலில் வைத்துவிட்டால் அதற்குப் பொருத்தமான பழைய கதவு தேடி அலைய வேண்டிவரும்.

தவணையில் வாங்கலாமா?

மாதச் சம்பளக்காரர் கணக்கு வேறு. கடலை நம்பிய வீட்டுக்கு நான் வேண்டாம் என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரம் பள்ளிக்கூடச் செலவும் சேர்ந்து வரும். தடைக்கால நிவாரணம் அரிசி, பருப்புக்கே சரியாக இருக்கும். புயல் கொடி ஏற்றும் நாட்கள் தனி. தவணைக்காரர் இதையெல்லாம் பார்க்கமாட்டார். நாங்கள் மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் சீட்டுப் போட்டு, கையில் பணம் வந்த பிறகு ஒவ்வொன்றாக வாங்கினோம். கட்டில் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை தரையில் படுத்தோம், வெயில் காலத்தில் அது சுகமும்கூட.

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினால் தப்பா?

தப்பில்லை. எங்களிடம் நான்கு இருக்கின்றன. துருப்பிடிக்காது, ஒரு கையால் தூக்கலாம், சாவு வீட்டுக்கும் விசேஷத்துக்கும் தெருவே இரவல் வாங்கிக்கொள்ளும். வெயிலில் போட்டுவைத்தால் நொறுங்கும், நிழலில் அடுக்குங்கள். இருப்பதை நன்றாக உழைக்கவிடுங்கள்.

மின்விசிறி, சோலார்?

பழைய மாதிரி விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற புது வகை மோட்டார் வைத்த விசிறி 30 வாட் அளவில் ஓடும். இரவெல்லாம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள். சோலாருக்கு 2024இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நம் பக்கத்துக்குப் பேனல் எடுக்கும்போது ஐ.இ.சி. 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். தாங்கும் சட்டமும் துரு ஏறாததாக இருக்க வேண்டும்.

கூடத்தில் சாமி படம் எங்கே வைப்பது? வேற்று மதத்தவர் வந்து போகும் வீடாயிற்றே?

எங்கள் சாமி மாடம் அடுப்படிக்குப் பக்கத்தில், அயித்தை நின்றபடி விளக்கேற்றும் உயரத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்காக அதை மறைத்ததும் இல்லை, காட்டுவதற்காகக் கூடத்தில் வைத்ததும் இல்லை.

தைக்கக் கொடுக்க வரும் ஒரு அம்மா ஒருநாள் அஸர் தொழுகை நேரமாகிவிட்டது என்று பாதித் துணியோடு எழுந்தார். "இங்கயே தொழுதுக்கங்கம்மா, அந்த அறை காலியாத்தான் கெடக்கு" என்றார் அயித்தை. அன்றிலிருந்து அந்த அறைக்கென்று ஒரு ஓலைப்பாய் சுருட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறோம். மேற்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, ஜன்னல் அங்கேதான் இருக்கிறது.

ஓலைப்பாய், பெட்டி எங்கே வாங்குவது? எத்தனை நாள் வரும்?

சாயல்குடிப் பக்கம் பனைக்காடு சூழ்ந்த ஊர்களில் முடைகிறவர்களிடம் நேரில் வாங்குவது நல்லது. சந்தையிலும் வரும். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். ஓலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, முடைவதற்குள் கைவிரல் கீறிக் காய்த்துப்போகிறது. குருத்தோலையில் முடைந்த பெட்டி மென்மையாக, வெளிர் நிறத்தில் இருக்கும், முற்றிய ஓலை முரடாக இருந்தாலும் கூடுதலாக உழைக்கும். மடித்து வைத்தால் மடிப்பில் ஒடியும், சுருட்டியே வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தால் கழுவாமல், காய்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் காட்டுங்கள். ஓரம் பிய்ந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பழைய பருத்திச் சேலையில் மூன்று விரல் அகலத்தில் பட்டை வெட்டி, இரண்டாக மடித்து ஓரத்தில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தால் இன்னும் இரண்டு வருஷம் வரும். வீட்டில் ஊசி இல்லாதவர்கள் பாயைக் கொண்டுவாருங்கள், நான் தைத்துத் தருகிறேன்.